என் வீட்டுக்காரர் சொன்ன இங்கிலீஷ் படம்

எண்பதுகளின் கடைசியில் என் வீட்டுக்காரர் சவூதியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருமுறை விடுப்பில் வந்தபோது வீடியோ டெக்கும் நாலைந்து கேசட்டும் கொண்டுவந்தார். அதில் ஒன்று இங்கிலீஷ் படம். ஆளில்லாத ரோட்டில் ஒருவன் கை காட்டிக் காரில் ஏறுவான், ஏற்றிக்கொண்டவரையே கொன்றுபோடுவான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதைப் போட்டார். செராமிக் கம்பெனியில் பொம்மைக்கு வர்ணம் அடிக்கும் பக்கத்து வீட்டு அக்காவும் பார்க்க வந்தார். எங்கள் இருவருக்கும் இங்கிலீஷ் சுத்தமாகத் தெரியாது. அதனால் என் வீட்டுக்காரர் டிவி பக்கத்தில் நின்று ஒவ்வொரு பேச்சையும் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"அவன் என்னா சொல்றான் பாய்?"

"எந்தம்பி ரோட்டுல அடிபட்டுக் கெடந்தான், ஒரு வண்டியும் நிக்கல, அந்த ஆத்திரந்தான்னு சொல்றான்."

"அப்ப நிக்காதவனத்தான கொல்லணும்? ஏத்திக்கினவன எதுக்குக் கொல்றான்?"

என் வீட்டுக்காரர் இருமினார். "கோவத்துல கண்ணு தெரியல அவனுக்கு."

கடைசியில் கொலைகாரன் சாகும்போது, "இனிமே யாரு கை காட்டுனாலும் வண்டிய நிறுத்து" என்று கார்க்காரனிடம் சொன்னானாம். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சில வருஷம் கழித்து என் வீட்டுக்காரர் சவூதியை விட்டு ஊரோடு வந்து கம்மாபுரத்துக்கு வேன் ஓட்ட ஆரம்பித்தார். அப்போது அதே கதையைத் தமிழில் எடுத்து எங்கள் ஊர் தியேட்டரில் போட்டார்கள். மூன்று பேரும் மேட்னி போனோம்.

இடைவேளை வந்துவிட்டது. தம்பியைக் காணோம். "எப்ப பாய் வருவான் தம்பிக்காரன்?" என்றார் அக்கா. "வருவான், வருவான்" என்று முறுக்கைக் கடித்தார் இவர். வரவேயில்லை. கொலைகாரன் எந்தக் காரணமும் இல்லாமல் கொன்றான், ஒரு வார்த்தை பேசாமல் செத்தான்.

வெளியே வெயிலில் அக்கா நின்றுவிட்டார். "உண்மையச் சொல்லுங்க பாய். உங்களுக்கு இங்கிலீஷு தெரியுமா?"

"ஸ்டாப்பு, கோ, லோடு, அன்லோடு. அவ்ளோதாங்க்கா."

எனக்குக் கோபம் வந்தது. "கட்டுன பொண்டாட்டிகிட்ட கூடவா பொய் சொல்லுவீங்க?"

"அப்ப லீவு முடிஞ்சி நான் அந்த மாரி ரோட்டுக்குத்தான் திரும்பிப் போவ வேண்டியிருந்துச்சி. சும்மாவே ஒருத்தன் ஏறிக் கொல்லுவான்னு சொல்லியிருந்தா, நீ இங்க தூங்கியிருப்பியா?"

அக்கா குறுக்கே வந்தார். "இந்தப் படத்துல வர்றவன் கெடக்குறான். நீங்க சொன்ன ஆளுதான் பாய் நல்லா இருந்தான்."

அடுத்த ஞாயிறு கம்பெனியில் கூட வேலை செய்யும் இரண்டு பெண்களை அக்கா கூட்டிவந்தார். அந்த இங்கிலீஷ் கேசட் பழசாகி, படத்தில் கோடு கோடாக ஓடியது. இவர் அசரவில்லை, பழைய இடத்திலேயே நின்று கதை சொன்னார். இந்த முறை கொலைகாரனுக்கு ஒரு தங்கச்சியும் இருந்தாள். டீ போட எழுந்த நான், அவளுக்குக் கல்யாணம் ஆயிற்றா இல்லையா என்று தெரிந்துகொண்டு போகலாமென மறுபடி உட்கார்ந்தேன்.