கன்சர்வன்சி என்றால் காடு இல்லையாம்

என் கொள்ளுத் தாத்தாவின் பென்ஷன் தாளில் வேலை 'கன்சர்வன்சி' என்று இருந்தது. வனத்துறை என்று நானே முடிவு செய்து, போன வாரம் இங்கே பெருமையாகப் போட்டேன்.

இன்று ஜோகுபாளையத்தில் தன் வீட்டில், பெரியப்பா மகள் செல்வி அக்கா அந்தத் தாளைப் பார்த்துச் சிரித்தாள்.

"காடு எங்கடா வந்துச்சு? பட்டாளம் இருந்த கண்டோன்மென்ட்ல கக்கூஸ் வாளி தூக்கினவரு. துப்புரவு வேலைக்கு அப்ப அதான் பேரு."

"யார்கிட்டயும் சொல்லாதக்கா" என்றேன்.

அவள் சிரிப்பு நின்றது. "உங்க மாமா இன்னிக்கும் தெருதானே கூட்டுறாரு. அவரைப் பத்தியும் சொல்லக் கூடாதா?"

உள்ளே இருந்த மாமா, அக்காவின் கணவர், எதுவும் காதில் விழாதவர் போல எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரே மூச்சில் குடித்துவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

நாளைக்கு மாமாவிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.