மேலே ஒன்று, கீழே ஒன்று

எங்கள் அக்கா அண்ணாமலையார் திருவடியில் போய் அமர்ந்து ஓராண்டு ஆகிறது. பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது கீழ்பென்னாத்தூரில். அப்பா சீக்கிரமே போய்விட்டதால், ஆசிரியர் பயிற்சி முடித்த கையோடு திருவண்ணாமலையில் வேலைக்குச் சேர்ந்து தம்பி தங்கைகளைக் கரையேற்றினார். தமக்கென்று குடும்பம் தேடவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள்தான் அவர் பிள்ளைகள்.

அந்த வகுப்பில் தேவி என்றொரு பெண். பூஜ்யத்தில் முடியும் எண்களை வகுக்கச் சொன்னால், கண்ணில் பட்ட பூஜ்யத்தையெல்லாம் அடித்துவிடுவாள். 8000-ஐ 20-ஆல் வகுத்தால் 4 என்பாள். கோயில் வாசலில் செருப்பு ஸ்டாண்டு வைத்திருக்கும் அவளுடைய அப்பா ஏழுமலை, அந்த வருடத்தோடு படிப்பை நிறுத்திவிட நினைத்தார். அது தெரிந்ததும் அக்கா என்னையும் அழைத்துக்கொண்டு ஸ்டாண்டுக்கே போனார்.

“கணக்கே ஏறாத பொண்ணுக்கு ஆறாவது எதுக்குங்க டீச்சர்? இங்க நின்னா எனக்காவது ஒத்தாசையா இருப்பா” என்றார் ஏழுமலை.

தேவி அங்கே செருப்பு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அக்கா சற்று நேரம் அவளையே பார்த்தார்.

“ஏண்டி, யாருக்காவது ஒத்தச் செருப்பு எடுத்துக் குடுப்பியா?”

“ஜோடியாத்தான் டீச்சர். ஒத்தையா குடுத்தா திட்டுவாங்க.”

“அப்ப பூஜ்யத்த மட்டும் ஏன் ஒத்தையா எடுக்கற? மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. அதான் ஜோடி. கீழ தீந்துட்டா மேல மிச்சம் இருக்கறதத் தொடாத.”

சாக்பீஸால் தரையிலேயே 8000-ஐ மேலேயும் 20-ஐக் கீழேயும் எழுதினார். தேவி மேலே ஒன்றும் கீழே ஒன்றும் அடித்தாள். 800-ஐ 2-ஆல் வகுத்து, 400 என்றாள்.

“எங்க கடை சரக்க எங்களுக்கே விக்கறீங்களே டீச்சர்” என்று ஏழுமலை சிரித்துவிட்டார். ஜூன் மாதம் அவரே மகளை ஆறாம் வகுப்பில் சேர்த்தார். தேவி இன்று கல்லூரியில் கணிதம் படிக்கிறாள். ஸ்டாண்டுக்குப் போன அந்த நாளிலிருந்து அக்கா எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படியேதான் சொல்லிக் கொடுத்தார்.

சிறுநீரகம் பழுதாகிப் படுத்த பிறகும் காலையில் திருநீறு பூசாமல் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. வலி என்று ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

மருத்துவம் பார்த்தவர்களுக்கும், முறைபோட்டு உடனிருந்த அக்கம்பக்கத்தாருக்கும், உடன் பணியாற்றிய ஆசிரியப் பெருமக்களுக்கும் எங்கள் நன்றி. அக்காவை எடுத்த அன்று பௌர்ணமி. ஊரெல்லாம் கிரிவலக் கூட்டம். ஏழுமலை காலையிலேயே வந்து, பாடைக்குத் தோள் கொடுத்தார்.

“இன்னிக்குப் போய் கடையச் சாத்திட்டீங்களே” என்றேன்.

“அடுத்த மாசமும் பௌர்ணமி வருங்க. டீச்சர் வருவாங்களா?” என்றார்.