கோளுக்காகப் பணயம் வைக்கப்பட்ட மீசை

மேனாம்பேடு பக்தவத்சலம் தம் ஐம்பத்திரண்டு வயதில் முழுசாகத் தம் பேரில் வைத்திருந்த சொத்து ஒன்றுதான்: மீசை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஃபவுண்டரியில் இருபத்திரண்டு வருடமாக இரும்பு உருக்குகிறவர். அந்த மாமனிதர் போன ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில், ஒரு கோளுக்காக மீசையைப் பந்தயம் வைத்தார்.

செய்தியைப் படித்துக் காட்டியவர் லாரி புரோக்கர் கஜபதி. அறுநூற்றுச் சொச்சம் ஒளியாண்டுக்கு அப்பால் ஒரு கோள். பகல் பக்கம் நாலாயிரத்து முந்நூறு டிகிரி. கண்டுபிடித்த கோள்களிலேயே அதிகச் சூடு. பல நட்சத்திரங்களே அதனிடம் தோற்றுப்போகும்.

"அப்ப அது நட்சத்திரம், மாமே," என்றார் கஜபதி.

"கோளுதான் நைனா. இரும்பை ஊத்தி எடுத்துகினு போற லேடிலும்தான் செக்கச்செவேல்னு கீது. அதுக்குன்னு உலையா ஆய்டுமா? இது பக்கத்து நட்சத்திரத்தோட சூட்டுல காயுது, அவ்ளோதான்."

"கோளு இல்லேன்னா மீசைய எடுத்துடுறியா?"

"எடுத்துடறேன்."

கஜபதிக்கு மீசை கிடையாது. துணிச்சலுக்கு அதுவே காரணம்.

பால் வாங்க வந்த இயற்பியல் பேராசிரியை ரேவதி தீர்ப்புச் சொல்ல மாட்டிக்கொண்டார்.

"அண்ணன் சொன்னது சரி. அது தானா எரியல, நட்சத்திரம் இல்ல," என்றார். மீசை நிமிர்ந்தது. "ஆனா…"

படித்தவர்களின் 'ஆனா' ஆபத்தானது.

"2006ல வானியல்காரங்க ஓட்டுப் போட்டு எழுதின ரூல்ல, கோள்னா நம்ம சூரியனைச் சுத்தணும். வெளியில கண்டுபிடிச்ச ஆறாயிரத்துச் சொச்சம் கோளுக்கும் ஒரு தற்காலிக ஏற்பாடுதான். சண்டை இன்னும் ஓயல."

"ரூல்லயே இல்லியாம்!" கஜபதி எழுந்தார். "பிளேடு வாங்கியாரவா மாமே?"

பக்தவத்சலம் கிளாஸை வைத்தார். "ஃபவுண்டரி ரிஜிஸ்டர்ல நான் இன்னா நைனா?"

"கான்ட்ராக்ட் ஹெல்பர்."

"இரும்ப உருக்குறது யாரு?"

கஜபதி உட்கார்ந்துவிட்டார். "நீதான்," என்றார்.

மீசை பிழைத்தது. ரேவதி போகிற போக்கில், "அந்தக் கோளோட காத்துலயே இரும்பு ஆவி இருக்குண்ணே," என்றார்.

கம்பியாகவும் குழம்பாகவும் இரும்பைப் பார்த்தவர் பக்தவத்சலம். ஆவியாகப் பார்த்ததில்லை. மீசையை முறுக்கப் போன கை பாதியில் நின்றது.

"உலையில ஆயிரத்து நானூறு டிகிரிக்கே நம்ம கண்ணு கூசுது. அங்க மூச்ச இஸ்த்தா நெஞ்சுல இரும்பு எறங்குமே நைனா!"

வெறும் பகல் வானத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். கஜபதியும் எழுந்து வந்து பார்த்தார். இரண்டு டீயும் ஆறிப்போயின.