உதட்டில் எழுதிய அக்கி

என் கணவர் பீடி, சிகரெட் தொட மாட்டார். குடிக்க மாட்டார். அதைச் சொல்லித்தான் எனக்குக் கட்டி வைத்தார்கள். கீழுதட்டுக்குள் புகையிலைத்தூளை அடக்கிக்கொள்வதை யாரும் ஒரு பழக்கமாகவே மதிக்கவில்லை. ஓசூரில் அவர் வேலை செய்வது பெயிண்ட் அடிக்கும் பிரிவில். அங்கே தீப்பெட்டி கொண்டுபோனால் வேலை போய்விடும். அதனால் எல்லோருக்கும் புகையிலை உதட்டுக்குள். நம் பக்கம் அந்தப் புகையிலைப் பாக்கெட்டுக்குத் தடை. மாநில எல்லை தாண்டினால் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்குகிறது. அத்திப்பள்ளிப் பக்கமிருந்து வருகிறவர்கள் மொத்த லைனுக்கும் வாங்கி வருவார்கள், சூப்பர்வைசருக்கும் சேர்த்து. இது என்ன தடை?

மாம்பழ சீசனில் அவர் கீழுதட்டில் ஒரு புண் வந்தது. மாம்பழச் சூடு என்றார். மருந்துக்கடைக்காரன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரு களிம்பைக் கொடுத்தான். மழை வந்தது, குளிர் வந்தது, சூடு மட்டும் போகவில்லை. புண் வலிக்கவும் இல்லை. வலித்திருந்தால் டாக்டரிடம் ஓடியிருப்பார்.

பாகலூர் ரோஜாத் தோட்டத்தில் எனக்குப் பூ வெட்டும் வேலை. ஒரு நாள் லீவு போட்டு அவரை அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே ஒரு டாக்டரம்மா கையுறை மாட்டி உதட்டை மடக்கிப் பார்த்தார். விரலால் உருட்டினார். தாடைக்குக் கீழே தடவினார்.

"ரெண்டு மூணு வாரத்துல ஆறாத புண்ண இவ்ளோ நாள் வச்சிருக்கீங்க. ஓரமெல்லாம் கெட்டியா இருக்கு. துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும்."

"கேன்சரா?" என்று நான்தான் கேட்டேன். என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டெஸ்ட் வந்தாத்தான் தெரியும். அதுவாவே இருந்தாலும் இது கண்ணுக்குத் தெரியற எடம். இப்பவே வந்தா அந்த எடத்த மட்டும் வெட்டித் தெச்சிடலாம். கழுத்துல நெறி கட்டிப் பரவிடுச்சின்னா வைத்தியம் பெருசாயிடும்."

டெஸ்டுக்கு அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தவர், தன் அக்காவுக்கு போன் போட்டார். மறுநாளே ராயக்கோட்டையிலிருந்து நாத்தனார் வந்து இறங்கினார், ஒரு பை தக்காளியோடு.

"கேன்சர்ல கத்தி பட்டா ஒடம்பு பூரா ஓடிடும்மா. இது அக்கி. எழுதினா அடங்கிடும்."

"டாக்டர் பாத்துட்டாங்க அண்ணி."

"டாக்டருக்கு அக்கியப் பத்தி இன்னா தெரியும்?"

இவருக்கு அது போதும். பயந்தவனுக்கு யாராவது ஒரு காரணம் கொடுத்தால் சரி. அக்காவோடு பஸ் ஏறிப் போனார். பானை செய்கிறவர் வீட்டில் காவி குழைத்து அக்கி எழுதுவார்களே, அங்கே. உதடும் தாடையும் செக்கச்செவேலென்று திரும்பி வந்தார். தண்ணீர் படக்கூடாதாம், தானாக உதிர வேண்டுமாம். உதிர உதிரப் போய் மறுபடி எழுதிக்கொண்டார். வெளியே காவி, உள்ளே அதே புகையிலை. கேட்டால், "இது வேற, அது வேற. நீ சும்மா இருடி."

ஒரு நாள் அவர் தின்ற சோற்றில் ரத்தம் இருந்தது. வந்திருந்த நாத்தனாரும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். துணியைத் தேங்காயெண்ணெயில் நனைத்து, என் கணவர் தலையைப் பிடித்துக்கொண்டு, காவி முழுவதையும் துடைத்தேன். அடியில் புண் இரண்டு மடங்காகி, ஓரம் தடித்து, நடுவில் பள்ளம் விழுந்து கிடந்தது. கண்ணாடியை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். நாத்தனார் எட்டிப் பார்த்துவிட்டுக் கை கழுவ எழுந்தார்.

"நாளைக்குப் போலாம்," என்றார் என் கணவர்.

"செருப்பப் போடுங்க."

சதை எடுத்தார்கள். கேன்சர்தான். பெங்களூரில் ஆபரேஷன். கீழுதட்டில் நடுப்பகுதியை வெட்டி, இரண்டு பக்கத்தையும் இழுத்துத் தைத்தார்கள். தாடைக்குக் கீழிருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். அதில் ஒன்றில் பரவியிருந்தது. அந்த ஒன்றுக்காகக் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள். வாயெல்லாம் வெந்து, கஞ்சி இறங்காமல் அழுதார். அக்கி எழுதிய நாட்களில்தான் பரவியதா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார் டாக்டர். என்னால் சொல்ல முடியும்.

இப்போது அவர் வாய் சின்னதாகிவிட்டது. ப, ம எதுவும் சரியாக வராது. டீ குடித்தால் வழியும். மாதாமாதம் கழுத்தைத் தடவிப் பார்க்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை லைனில் கூட வேலை செய்கிறவன் ஒருவன் சாத்துக்குடியோடு பார்க்க வந்தான். அவன் கீழுதடு புடைத்திருந்தது.

"துப்பிட்டு வா," என்றேன்.

"அக்கா, அது..."

"துப்பிட்டு வாடா."

வெட்கப்பட்டுக்கொண்டே வெளியே போய்த் துப்பி வாய் கொப்பளித்துவிட்டு வந்தான். செல்போன் வெளிச்சத்தில் அவன் உதட்டை மடக்கிப் பார்த்தேன். உள்பக்கம் சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளையாக ஒரு திட்டு.

"எவ்ளோ நாளா இருக்கு?"

"அது வெறும் சூடுக்கா."

மூலையில் உட்கார்ந்திருந்த என் கணவர் வாயைத் துண்டால் துடைத்தார். வார்த்தை குழறியது, ஆனாலும் அவனுக்குப் புரிந்தது.

"நானும் அதத்தாண்டா சொன்னேன்."