நடந்தவை பத்தியில் சேர்ந்த ஒரு வரி

சென்ற வாரம் தபாலில் ஒரு கார்டு வந்தது. என் பழக்கப்படி முதலில் தேதியைப் பார்த்தேன். பிறகு முத்திரையைப் பார்த்தேன், அரியலூர் என்றிருந்தது. அதன் பிறகே விஷயத்துக்கு வந்தேன். ஞானம்மாள் டீச்சர் விஷ ஜுரத்தில் காலமானார், அடக்கம் முடிந்தது, தங்களுக்குத் தெரிவிக்கச் சொல்லியிருந்தார் என்று மூன்றே வரிகள். கடைசி வரியைப் பலமுறை படித்தேன். காய்ச்சலில் கிடந்தவர் உண்மையிலேயே என்னை நினைத்தாரா, எழுதியவர் மரியாதைக்காகச் சேர்த்தாரா? எனக்கு இப்படிப்பட்ட சந்தேகங்கள் வரும். டீச்சர் கேட்டிருந்தால், "எழுதியிருக்குல்ல சார், நம்பித்தான் பாருங்களேன்" என்று சிரித்திருப்பார்.

நம் வட்டாரத்து ஜில்லா போர்டு பள்ளி ஆசிரியர்களாகிய நீங்கள் அவரைப் பற்றி எழுத என்னைக் கேட்டிருக்கிறீர்கள். என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் உங்களில் மூவராவது உண்டு. ஆனால் அவரோடு ஒரே பள்ளியில் ஆறு வருஷம் வேலை பார்த்தவன் நான். அவரைப் பற்றி நம்மிடையே வழங்கும் கதையில் பிழை செய்தவனும் நான்தான். ஆகவே ஒப்புக்கொண்டேன்.

அவர் எங்கள் பள்ளிக்கு வந்தது யுத்த காலத்தில். பஸ்கள் பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடிய நாட்கள். உடையார்பாளையத்திலிருந்து வரும் வழியில் பஸ் நின்றுவிட, ஆண்களோடு சேர்ந்து தாமும் தள்ளிவிட்டு, முகமெல்லாம் கரியாக வந்து நின்றார். "வேலைக்குச் சேரணும் சார். அதுக்கு முன்னால முகம் கழுவணும்" என்றார். நான் தலைமையாசிரியன், முறைப்படி முதலில் நியமன உத்தரவைக் காட்டச் சொன்னேன். "முகத்தைக் கழுவுனாத்தானே சார், உத்தரவுல இருக்கிற ஆளு நான்தான்னு உங்களுக்குத் தெரியும்?" என்றார். தண்ணீர் இருக்கும் இடத்தைக் காட்டினேன்.

பள்ளிக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. ஊர் நிர்வாகம் பார்த்த பட்டாமணியம் தம்முடைய நெல் கூடத்தைப் பகலில் விட்டிருந்தார். ஒரே நிபந்தனை: சேரிப் பிள்ளைகள் உள்ளே வரக்கூடாது. அவர்கள் பதினொரு பேர். ஜன்னலை ஒட்டி வெளியே போட்டிருந்த கீற்றுச் சார்ப்பில் உட்கார்ந்தார்கள். நான் ஜன்னலருகே நின்று, இருபுறமும் ஒரே அளவில் கேட்கும்படி பாடம் சொல்வேன். அதை ஒரு நியாயம் என்றே நினைத்திருந்தேன். டீச்சர் ஒரு வாரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சத்தம் சமமாத்தான் சார் போவுது. மழைதான் சமமாப் பெய்ய மாட்டேங்குது."

அவர் கொள்ளிடக்கரைக் கத்தோலிக்கக் குடும்பத்தவர், தந்தையும் ஆசிரியர். "எங்க கோயில்லயும் சாதிக்கொரு பக்கம் உண்டு சார். நாங்க யோக்கியம்னு சொல்ல வரல. அதனாலதான் எனக்கு உடனே கண்ணுல படுது" என்பார்.

அந்த நாளில் நாம் நடத்திய மாதச் செய்தித் தாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் சீட்டுகள் வரும். நான் அவற்றை ஊதா மையில் எழுதி, பசைப் பலகையில் ஒற்றி முப்பது நகல் எடுத்து அனுப்புவேன். இடப்பக்கம் 'நடந்தவை', வலப்பக்கம் 'நடக்க வேண்டியவை' என்று இரண்டு பத்திகள். அம்மை குத்தியது, கடிகாரம் நன்கொடையாக வந்தது, முந்திரிக் காலத்தில் வகுப்பு பாதியானது எல்லாம் அதில் இருக்கும். ஊர்ச் சாவடியில் யாராவது உரக்கப் படிக்க, பெற்றோர் தங்கள் ஊர்ப் பெயர் வருகிறதா என்று காத்திருப்பார்கள். எந்தப் பத்தி என்பதைச் சீட்டின் மூலையில் குறிக்க வேண்டும் என்பது நான் வகுத்த விதி.

ஒரு மாதம் டீச்சரின் சீட்டில் மூலைக் குறி இல்லை. 'நம் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே கூடத்தில் அமர்ந்து படிக்கிறார்கள். இடமளித்த பட்டாமணியம் அவர்களுக்கு நன்றி' என்று எழுதியிருந்தது. நான் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். பொருளைப் பார்க்கவில்லை. மற்றச் சீட்டுகளோடு சேர்த்து 'நடந்தவை' பத்தியில் எழுதிவிட்டேன். முப்பது நகலும் போன பிறகுதான், எங்கள் பள்ளிக்கான பிரதியைப் படித்தபோது, நடக்காததை நடந்ததாக எழுதிவிட்டது எனக்கு உறைத்தது.

நான்காம் நாள் பள்ளிக்கூட டிப்டி இன்ஸ்பெக்டரிடமிருந்து கடிதம். மிக்க மகிழ்ச்சி என்றும், அடுத்த ஆசிரியர் கூட்டம் உங்கள் பள்ளியிலேயே நடக்கட்டும், எல்லாரும் வந்து பார்க்கட்டும் என்றும் எழுதியிருந்தார். எனக்கு ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தது. பொய்ச் செய்தி எழுதிய தலைமையாசிரியன் என்று பெயரெடுத்து வெளியேறுவதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. 'திருத்தம்' என்று தலைப்பிட்டு மூன்று விதமாக எழுதி, நல்லதைத் தேர்ந்து டீச்சரிடம் காட்டினேன்.

"அழகா எழுதியிருக்கீங்க சார். ஆனா இதைப் போட்டா, பதினொரு புள்ளைங்க வெளியதான் உக்காந்திருக்கும்னு நாமளே ஊரெல்லாம் எழுதிக் குடுத்த மாதிரி. கையெழுத்து வேற உங்களுது."

"வேறு வழி?"

"புள்ளைங்கள உள்ள கூப்பிட்டுட்டா திருத்தமே வேணாமே."

நான் வாயைத் திறக்குமுன் பட்டாமணியம் தாளும் கையுமாக வந்துவிட்டார். "யாரைக் கேட்டு எம் பேரைப் போட்டீங்க?" நான் எழுந்து நின்றேன்.

"உக்காருங்கய்யா" என்றார் டீச்சர். "தப்புன்னா அடுத்த மாசம் மாத்திப் போட்டுடுறோம். பட்டாமணியம் இடம் தரலைன்னு."

"நையாண்டியா டீச்சரம்மா?"

"இல்லீங்கய்யா. போர்டு பள்ளிக்கூடத்துல எல்லாப் புள்ளைக்கும் எடம் உண்டுங்கிறது சர்க்கார் உத்தரவு. நீங்க குடுத்தா உங்க பேரு வரும். இல்லாட்டி டிப்டி வேற எடம் பாப்பாரு. மரத்தடின்னாலும் நாங்க போயிடுவோம்."

அவர் தாளை மடித்தார், பிரித்தார். "அரியலூர்லேருந்து எம் மச்சான் வேற பெருமையா எழுதிட்டான்" என்று முணுமுணுத்தார். பிறகு, "என்னமோ செஞ்சு தொலைங்க. நான் சரின்னேன்னும் சொல்லாதீங்க, வேணாம்னேன்னும் சொல்லாதீங்க" என்று போய்விட்டார்.

மறுநாள் காலை டீச்சர் வருகைப் பதிவேட்டை என் கையில் கொடுத்தார். "நீங்களே கூப்பிடுங்களேன், பிள்ளைகளுக்கு உங்களிடம் பயமில்லை" என்றேன். "நான் கூப்பிட்டா டீச்சர் கூப்பிட்டதுன்னு போயிடும் சார். ஹெட்மாஸ்டர் கூப்பிட்டாத்தான் பள்ளிக்கூடம் கூப்பிட்டது." வாசலில் நின்று முதல் பெயரைப் படித்தேன்: அஞ்சலை. அவள் சார்ப்பில் எழுந்து நின்று, "இங்கேருந்தே ஆஜர் சொல்லிடுறேன் சார்" என்றாள். "வந்து சொல்லம்மா" என்றேன். அவள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சரோ வேண்டுமென்றே சுவரில் மாட்டியிருந்த பூகோளப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அஞ்சலை என்னைத் தாண்டி உள்ளே போனாள். பதினொரு பெயர்களையும் படித்து முடித்தேன்.

அன்று மாலை அஞ்சலையின் தகப்பனார் கருப்பன் வந்தார். "நாளைக்கு வம்பு வந்தா யாருங்க சாமி பதில் சொல்றது?" டீச்சர் சற்றும் யோசிக்காமல் என்னைக் காட்டி, "இதோ, நிக்கிறாருல்ல ஹெட்மாஸ்டர்" என்றார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். "ஆமாம், நான்தான்" என்றேன். கருப்பன் போனதும் டீச்சர், "பரவால்லியே சார், முழுங்காம சொல்லிட்டீங்களே!" என்று சிரித்தார்.

வம்பு வராமல் இல்லை. ஊருக்குள்ளிருந்து வந்த ஒன்பது பிள்ளைகளை அவர்களைப் பெற்றவர்கள் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். டீச்சர் வீடு வீடாகப் போய் வீட்டுக்கணக்கு மட்டும் கொடுத்துவிட்டு வந்தார். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. வருஷப் பரீட்சைக்குள் ஏழு பேர் திரும்பினார்கள். இருவர் வரவேயில்லை. அதையும் சொல்லவேண்டும்.

கூட்டத்தன்று நீங்கள் எல்லாரும் வந்திருந்தீர்கள். டிப்டி கூடத்தைச் சுற்றிப் பார்த்தார், கரும்பலகைக்குக் கரி பூச வேண்டும் என்றார், சுண்டல் சாப்பிட்டார், போய்விட்டார். அவ்வளவுதான். "பாத்தீங்களா சார், பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல! இதுக்குத்தான் இம்புட்டுப் பாடு" என்று டீச்சருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

நான் ஓய்வு பெற்ற அன்று, மூலைக் குறியை வேண்டுமென்றே விட்டாரா என்று கேட்டேன். "மறந்தேனா விட்டேனான்னு எனக்கே இப்ப நெனப்பில்ல. அதை விடுங்க. நீங்க ஏன் சார் கேக்காம எழுதுனீங்க?" என்றார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இன்னதென்று கேட்டால், துணிச்சல் என்று சொல்ல மாட்டேன், அது பொய்யாகும். போன மாதம் எங்கள் தெருப் பொதுக்கிணற்றை எல்லாருக்கும் திறப்பது பற்றிப் பேச்சு எழுந்தது. "ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பொறுப்பு?" என்று ஒருவர் கேட்டார். "நான்" என்றேன். வீட்டுக்கு வந்ததும், வாசல் கதவு தாழிட்டிருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன்.