புளியமரத்து அத்தாச்சிக்கு ஒரு அஞ்சலி கார்டு

1. மாவு

பேயாக வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என்னை எறும்பு கடித்துவிட்டது.

அதற்கு முன்பு காரைக்கால் உள்ளூர் கேபிள் சேனலில் விளம்பரம் வாசித்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு மதியம் ஒரு பழைய பேய்ப்படம் போடுவோம். கறிச்சோறு சாப்பிட்டுப் படுத்த ஜனம், படத்தைத் தாலாட்டாக வைத்துக்கொண்டு தூங்கிவிடும். முதலாளி ஹாஜா பாய் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"செல்வி, படத்துக்கு நடுவுல நீங்க பேயா வந்து நாலு வார்த்த பேசுங்கம்மா. சனம் முழிச்சிருக்கும்."

"நான் எதுக்கு பாய்?"

"ஆபீஸ்ல நீங்க போடுற சத்தத்துக்கு மேக்கப்பே வேணாம்மா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் ஒத்துக்கொண்டேன். வெள்ளைப்புடவை, தலைக்கு இரண்டு சவுரி, முகத்துக்குப் பச்சரிசி மாவு. பின்னால் புளியமரம் அச்சடித்த ஃப்ளெக்ஸ். அந்த மாவுக்குத்தான் எறும்பு வந்தது. "பயப்படத் தயாரா?" என்று கேமராவைப் பார்த்துக் கேட்டுவிட்டு, கழுத்தைச் சொறிந்துகொண்டே கத்தினேன். பார்த்தவர்கள் அதை நடிப்பு என்று நினைத்தார்கள். நல்லதாகப் போயிற்று. மறுவாரத்திலிருந்து பவுடருக்கு மாறிவிட்டேன்.

அப்படித்தான் நான் புளியமரத்து அத்தாச்சி ஆனேன். என் வேலை பயமுறுத்துவது என்று முதலாளி நினைத்தார். எனக்கு வந்ததோ திட்டுவது. படம் நடுவில் நின்றதும் ஆரம்பிப்பேன். "ஏண்டியம்மா, மாடியில சத்தம் கேட்டா கதவச் சாத்திக்கிட்டுப் படுக்க வேண்டியதுதான? மெழுகுவத்தியத் தூக்கிக்கிட்டு எங்க கிளம்பிட்ட, வேலையத்தவளே!"

லைவ் கால் வரும். திருவேட்டக்குடியிலிருந்து மீன் விற்கும் அஞ்சம்மாள் வாராவாரம் கூப்பிடுவாள். "அத்தாச்சி, அந்தப் பங்களாவ வாங்க வேணாம்னு அவன்கிட்ட சொல்லுங்க. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, விக்கிறவன் சரியில்ல." போன வாரமும் அதே படம்தான் ஓடியிருக்கும். அவளும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

அந்த ஒரு மணி நேரம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. மீதி நாளெல்லாம் யார் யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிப்பவள் நான். அங்கே மட்டும்தான் என் வாய் எனக்குச் சொந்தம்.

2. பட்டு

கல்யாண சீசன் வந்தது. எங்கள் பெரிய விளம்பரதாரர் ஒரு ஜவுளிக்கடைக்காரர். நேராக ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"என்ன பாய் நீங்க? என் முகூர்த்தப் பட்டு விளம்பரம் வருது. அதுக்கு முன்னாடி வெள்ளப்புடவையில ஒரு பொணம் குந்திக்கிட்டு இருக்கு. எவன் கடைப்படி ஏறுவான்? அந்தப் பேயை மொதல்ல ஒழிச்சுக் கட்டுங்க!"

அந்தப் பேயான நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். மேக்கப் இல்லாததால் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்கே டீ வேண்டுமா என்று கேட்டார்!

அவர் போனதும் ஹாஜா பாய் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "என்னம்மா செய்ய, விளம்பரம்தான நமக்குச் சோறு. இந்த ஞாயித்துக்கிழமையோட முடிச்சுக்குவோம்."

வீட்டுக்கு வந்து அழுதேன். ஒரு பேய் வேஷத்துக்குப் போய் ஒருத்தி அழுவாளா என்று கேட்காதீர்கள். அழுதேன்.

3. கார்டு

எங்கள் சேனலில் படத்தைவிட, செய்தியைவிட, ஜனம் கண் கொட்டாமல் பார்ப்பது அஞ்சலி கார்டுதான். ஊரில் யாராவது இறந்தால் வீட்டார் போட்டோவைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் போட்டோ. அதைப் பார்த்துவிட்டுத்தான் ஊர் மாலை வாங்கக் கிளம்பும்.

நிகழ்ச்சி முடியப்போகிறது என்று ஒரு கார்டு போடச் சொன்னார் ஹாஜா பாய். எடிட்டர் பாஸ்கருக்குக் கல்யாண வீடியோ வேலை தலைக்கு மேல் கிடந்தது. அவசரத்தில் பழைய அஞ்சலி கார்டை எடுத்து, போட்டோவையும் பேரையும் மட்டும் மாற்றிப் போட்டுவிட்டான். மேலே 'கண்ணீர் அஞ்சலி' அப்படியே இருந்தது. கீழே 'இறுதி ஊர்வலம் இன்று மாலை அன்னாரது இல்லத்திலிருந்து புறப்படும்' என்பதும் அப்படியே.

சனிக்கிழமை. நான் லீவு. கோட்டுச்சேரியில் என் வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். முதலில் மின்துறையில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரரிடமிருந்து போன்.

"உசுரோடதான் இருக்கியா?"

"ஏன், எதுக்கு?"

"ஆபீஸ்ல எல்லாரும் கையப் புடிச்சு அழுது, லீவு குடுத்து அனுப்பிட்டாங்க. திரும்பிப் போகவா, வேணாமா?"

அதற்குள் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அஞ்சம்மாளும் அவள் தெருப் பெண்களும் வீட்டை விசாரித்துக்கொண்டு மாலையோடு இறங்கினார்கள். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு வந்தவள், கொடிக்கு அந்தப் பக்கம் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"அடிப்பாவி அத்தாச்சி! துணி காயப்போடுறியா நீ?"

கட்டிப்பிடித்துக்கொண்டு முதுகில் நாலு வைத்தாள். பிறகுதான் அழுதாள். "எம்புருசன் கடலோட போனதுலேருந்து ஒத்தையிலதான் கெடக்கேன். பேய்ப்படத்த ஒத்தையில பாக்க முடியுமா? நீ கூட உக்காந்து அதுங்களத் திட்டுற, எனக்குப் பயமில்ல. நீயும் போயிட்டா நான் யார்கூடப் பாக்குறது?"

என்னைப் பேய் என்று நம்பி ஒருத்தி பார்த்தாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவள் என்னைத் துணைக்கு வைத்திருந்தாள்.

நெடுங்காட்டிலிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார். "செத்துட்டீங்கன்னு போட்டான். அப்ப நாளைக்கு நெசப் பேயாவே வருவீங்க, நிகழ்ச்சி இன்னும் நல்லாருக்குமே, உண்டுல்ல?"

கடைசியாக ஒரு கார். ஜவுளிக்கடைக்காரர்! கையில் ரோஜா மாலை, முகத்தில் ஈ ஆடவில்லை. என்னைப் பார்த்ததும் மாலையை நழுவவிட்டார்.

"நீங்கதானாம்மா அது? ஒழிச்சுக் கட்டுங்கன்னு வாய் விட்டுட்டேன், பலிச்சிடுச்சேன்னு காலையிலேருந்து பச்சத்தண்ணி இறங்கல. வீட்டுல எங்க அம்மா வேற, 'எங்க அத்தாச்சியக் கொன்னுட்டியேடா'ன்னு ஒப்பாரி."

வாசலில் இருந்த கூட்டத்தையும் பார்த்தார். அதில் பாதி அவர் கடை வாடிக்கையாளர்கள். சொல்லிக்கொள்ளாமல் காரை நோக்கி நடந்தார். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாதே, அந்தப் பழக்கம்.

"ஐயா, உசுரோட இருக்குற வீடு இது. சொல்லிட்டுப் போங்க!" என்றேன்.

திரும்பினார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "போயிட்டு வரேம்மா. ஞாயித்துக்கிழம பாக்குறேன். அந்த வெள்ளப்புடவைய மட்டும் விட்டுடுங்க, கடையிலேருந்து பட்டு அனுப்புறேன்" என்றார்.

இன்றுவரை நான் கிளிப்பச்சைப் பட்டு கட்டிய பேய். மறுநாள் அவர் கொண்டுவந்த மாலையை ஃப்ளெக்ஸ் புளியமரத்தில் மாட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

புதிதாக வரும் தொகுப்பாளர்கள், ஜனத்தை எப்படிப் பிடித்து வைப்பது என்று என்னிடம் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கேமராவுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவர் ஒத்தையில் உட்கார்ந்திருக்கிறார், அவரிடம் பேசுங்கள். "பயப்படத் தயாரா?" என்று நான் கேட்பதை அந்த ஞாயிறோடு விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் சவுரியைச் சரிசெய்துகொண்டு முதலில் சொல்வது இதுதான்: "நான் வந்துட்டேன், யாரும் பயப்படாதீங்க."