முன்சீட்டில் ஒரு மெஷின்

அவளுக்கு 'இடி' என்று பெயர் வைத்தது அவள் அம்மா. நடை பழகுவதற்கு முன்பே வீட்டுப் பாத்திரங்களையெல்லாம் தட்டி நசுக்கியவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? இடி பகலில் சலவைக் கடையில் இஸ்திரி போடுவாள். சாயங்காலம் ஒரு கார் ஷெட்டில், வயலின், ராப், ராக், தாலாட்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கும் நால்வர் குழுவுக்கு டிரம்ஸ் வாசிப்பாள். "இது பாட்டா, கதம்பமா?" என்று கேலி பேசியவர்களே இப்போது டிக்கெட்டுக்கு முண்டியடித்தார்கள்.

அன்று நகரத்தின் மிகப் பெரிய அரங்கில் நிகழ்ச்சி. போகிற வேனின் முன்சீட்டில் ஒரு பெட்டி ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. பாடகன் புதிதாக வாங்கிய டிரம் மெஷின். இடி பின்னால், டிரம்களுக்கு நடுவே, முட்டியை மடக்கிக்கொண்டு வந்தாள்.

"இன்னைக்கு ஒரு எடத்துல நீ பிசகினாலும் அடுத்த நிகழ்ச்சியிலேர்ந்து இதுதான் வாசிக்கும்," என்றான் பாடகன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மேடையில் லேப்டாப்பை முடுக்கினாள். அதிலிருந்து 'டிக் டிக்' என்ற தாளம் இயர்போன் வழியாக அவள் காதில் மட்டும் கேட்கும். முன்பே பதிவு செய்த கோரஸ் அதே வேகத்தில் ஓடும். மற்றவர்கள் அவள் அடியைப் பிடித்துக்கொண்டு போவார்கள். அன்று டிக் டிக் ஆமை வேகத்தில் வந்தது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

முந்தின நாள் ஒத்திகையில் பாடகனுக்கு ராப் வரிகள் வாயில் நுழையவில்லை. மற்றவர்கள் முன்னால் அவன் மானம் போகவேண்டாமென்று இவள்தான் சத்தமில்லாமல் லேப்டாப்பில் வேகத்தைக் குறைத்தாள். திரும்ப ஏற்ற மறந்துவிட்டாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது.

அப்படியே வாசித்தால் பாட்டு செத்துவிடும். காதிலிருந்த இயர்போனைப் பிடுங்கி எறிந்தாள், லேப்டாப்பை நிறுத்தினாள், சரியான வேகத்தில் அடிக்கத் தொடங்கினாள். கோரஸ் காணாமல் போனது. பாடகன் திரும்பி எரித்துவிடுவதுபோல் முறைத்தான்.

ராப் வந்தது. மூன்றாவது வரியில் அவன் நாக்கு குழறியது. கழுத்து நரம்பு புடைத்தது. போகட்டும் என்று விட்டிருக்கலாம், வஞ்சம் தீர்ந்திருக்கும். ஆனால் இடியின் கையில் வேகம் தானாக இறங்கியது. பாஸ் கிட்டாரும் வயலினும் அவளோடு இறங்கின. அவன் மூச்சு வாங்கிக்கொண்டு, கிட்டத்தட்ட பேசுவதுபோல வரிகளை முடித்தான். அதற்குப் பிறகு அவள் மெல்ல மெல்ல ஏற்றிய ஏற்றத்தில் அரங்கமே எழுந்து நின்றது.

"அந்த எடத்துல சட்டுனு இறங்குனீங்களே, எனக்குப் புல்லரிச்சிடுச்சு," என்றார், நிகழ்ச்சி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்த அமைப்பாளர். "எங்க டூர் முழுக்க நீங்கதான்."

"ரொம்ப நாள் ஒத்திகை சார்," என்றான் பாடகன், கொஞ்சமும் கூசாமல்.

வேனருகே இடி உண்மையைச் சொல்லிவிட்டாள். "நேத்து உனக்காக வேகத்தைக் குறைச்சவ நான்தான். ஏத்த மறந்துட்டேன். பிசகு என்னோடதுதான்."

"பரவாயில்ல. அந்த இறக்கத்தை மெஷின்ல ஏத்திடறேன். அதுக்கு மறதியே கிடையாது."

அவளுக்குக் கண் கலங்கியது. கோபம் அதைவிட அதிகமாக வந்தது.

"ஏத்திக்கோ. அடுத்த தடவை நீ எந்த வரியில திக்குவேன்னும் இப்பவே சொல்லிடு. அதையும் ஏத்தணும்ல?"

வயலின்காரி சிரிப்பை மறைக்க இருமினாள். பாடகன் முன்சீட்டிலிருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்னால் டிரம்களுக்கு நடுவே வைத்தான்.

"முன்னாடி ஏறு," என்றான்.